இடைச்செருகலும் நீட்டலும்

சென்ற விடுமுறையில் என் இளைய மகன் யப்பானியச் சித்திரத்தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அருகில் அமர்ந்தேன். "அப்பா, இது ஃபில்லர் எல்லாம் வெட்டின பதிப்பு" என்றான். ஏடுகளில் ஏறிய இடைச்செருகல்களைப் பற்றி வகுப்பிற் பல்லாண்டு பேசிவந்த எனக்கு அச்சொல் புதிது, பொருள் புதிதன்று. ஆதலால் விடாது வினவினேன். அவன் கூறியவற்றையும், பின்னர் நான் தேடி அறிந்தவற்றையும் கொண்டு இதனை எழுதுகின்றேன்.

அனிமே என வழங்கும் இத்தொடர்களுட் பல, மங்கா என்னும் படக்கதையை மூலமாக உடையவை. எயிச்சிரோ ஓடா என்பார் 1997 முதல் வார இதழொன்றில் வரைந்துவரும் 'வன் பீஸ்' என்னும் கடற்கொள்ளையர் கதையை, தோயெய் நிறுவனத்தார் 1999 ஒக்ரோபர் முதல் தொலைக்காட்சித் தொடராக்கினர். அஃது ஆயிரத்து நூறு பகுதிகளையும் கடந்துவிட்டது. மூலம் மெல்ல நடக்கப் படம் விரைந்து ஓடுமாயின், ஆசிரியர் இன்னும் எழுதாத இடத்திற்குப் படம் வந்து நின்றுவிடும். வாரந்தோறும் ஒளிபரப்பும் நேரத்தை வெறுமையாக விடவும் இயலாது. நோயின் காரணம் இதுவே; படைப்போரின் சோம்பலன்று.

இரசிகர் 'ஃபில்லர்' என்னும் ஒரே சொல்லால் இருவேறு குற்றங்களைக் குறிக்கின்றனர். இலக்கணம் கற்பிப்பவனுக்கு இது பொறுக்குமா? ஒன்று செருகல், மூலத்தில் இல்லாத தனிக்கதையைப் புகுத்துவது. 'நருட்டோ'வின் முதற்றொடர் 220 பகுதிகளை உடையது. அவற்றுட் கடைசி எண்பதளவும் பெரும்பாலும் இவ்வாறு புகுந்தவையே. மற்றையது நீட்டல். 'வன் பீஸ்' கதையில் டிரெஸ்றோசா என்னும் தீவில் நிகழும் படலம் மூலத்தில் 102 அத்தியாயங்கள்; படத்திலோ 118 பகுதிகள். பகுதிக்கு ஓர் அத்தியாயங்கூட இல்லை! முன் வாரத்துக் கதையை மீளச் சொல்வார்கள். ஓர் அடி விழுந்தால் சூழநின்றோர் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். முன்னரே கண்ட நினைவுக் காட்சியைத் திரும்பவும் ஓட்டுவார்கள்.

பொறுமையிழந்த இரசிகர் தாமே கத்தரியைக் கையிலெடுத்தனர். அவருள் ஒரு குழுவினர் தம் பதிப்புக்கு 'வன் பேஸ்' எனப் பெயரிட்டனர். பேஸ் என்பது நடையின் வேகம், பெயரிலேயே குறும்பு. மங்காவோடு ஒப்புநோக்கி, மிகையானவற்றை வெட்டுகின்றனர். காட்சியை வெட்டுதல் எளிது. வெட்டிய இடத்திற் பின்னணி இசையும் அறுபடுமாதலின், அதனை ஒட்டுத் தெரியாமற் பொருத்துவதே கடினம். ஊதியமில்லை, உரிமையாளரின் இசைவும் இல்லை. ஆயினும் நம் ஏட்டுப் பதிப்பாசிரியருக்குக் கிட்டாத பேறு ஒன்று இவர்களுக்கு உண்டு. ஆசிரியரின் மூலம் ஐயத்திற்கிடமின்றி அச்சிற் கிடக்கின்றது.

படைத்தோரும் கத்தரியை வெறுத்தாரல்லர். 'டிராகன் போல் இசட்' 1989 முதல் 1996 வரை 291 பகுதிகளாக வந்தது. அதில் செல் என்னும் பகைவனின் முடிவுவரையுள்ள 194 பகுதிகளை, தோயெய் நிறுவனத்தார் 2009 முதல் 'கை' என்னும் பெயரில் நூறுக்குங் குறைந்த பகுதிகளாகச் சுருக்கினர். 2024 இறுதியில் 'வன் பீஸ்' கதையின் மீன்மனிதர் தீவுப் படலத்தையும் 21 பகுதிகளாகத் தொகுத்தளித்தனர். 2026 முதல் ஆண்டொன்றுக்கு 26 பகுதிகளுக்கு மேற் செல்வதில்லை என அறிவித்ததும் அவர்களே. நோய்க்கு மருந்து இதுவாகும், கத்தரி அன்று.

எனினும் ஒன்று எனக்கு உடன்பாடில்லை. 'மூலத்தில் இல்லை' என்பது 'வேண்டாதது' என்பதாகாது. கோகுவும் பிக்கோலோவும் வாகனம் ஓட்டப் பழகும் நகைச்சுவைப் பகுதி மூலத்தில் இல்லை. 'கை' அதனை விட்டுவிட்டது. அதை நினைந்து இன்றும் சிரிப்போர் பலர். 'வன் பீஸ்' தொடரில் ஜீ-8 எனப்படும் கடற்படைக் கோட்டைக் கதையோ பதினொரு பகுதிகளும் படக்காரர் தாமே புனைந்தது. மூலத்துக்கு ஒப்பாகவே அதனைப் போற்றுகின்றனர். நீட்டலை வெட்டுக, செருகலை வாசித்த பின்னரே தீர்மானிக்க வேண்டும். கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் ஐயுற்ற செய்யுள்களை எறிந்துவிடவில்லை. மிகைப்பாடல்கள் எனத் தனியே அச்சிட்டார்கள்.

இதனை மகனுக்குச் சொன்னேன். அவன் ஜீ-8 பார்த்ததில்லையாம். பட்டியலில் 'விடுக' என்றிருந்ததால் விட்டானாம். அன்றிரவே வெட்டாத தொடரைத் தேடியெடுத்தான். கடற்படையினரின் அடுக்களையிற் கொள்ளையனான சஞ்சி புகுந்து சமைக்கும் இடத்தில், நான் சிரிக்கு முன் அவன் சிரித்தான்.