வளைகுடா செல்லும் ஓட்டுநருக்கு இங்கேயே பயிற்சி

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் என ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் உள்ள தொடர்பு நெடியது. அங்கே ஓட்டுநர் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அது ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடியிருப்பு விசா பெற்ற இந்தியர், சொந்தக் கார் வைத்திருந்தாலும் அந்நாட்டு உரிமம் இல்லாமல் ஓட்ட முடியாது.

2023-ல் துபாய் அறிவித்த 'கோல்டன் சான்ஸ்' திட்டத்தில், நம் நாட்டு உரிமம் உள்ளவர்கள் பயிற்சி வகுப்பின்றி ஒரே ஒருமுறை நேரடியாகத் தேர்வுக்குச் செல்லலாம். தவறினால், பணம் கட்டி வகுப்பில் சேர வேண்டியதுதான். கடன் வாங்கிச் சென்றவருக்கு இது பேரிடி.

அங்கே ஸ்டியரிங் இடப்புறம். வண்டி செல்வது சாலையின் வலப்புறம். ரவுண்டானாவில் நாம் வலப்பக்கம் பார்த்து வழிவிடுவோம். அங்கே இடப்பக்கம் பார்க்க வேண்டும். பல ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் மாறிவிடாது.

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்து, இடப்புற ஸ்டியரிங் பயிற்சியையும் சாலை விதி வகுப்பையும் ராமநாதபுரத்திலேயே தொடங்க வேண்டும். துபாய் எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதையும் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பிழைக்கப் போகும் பிள்ளைகளைத் தயார்படுத்தி அனுப்புவது அரசின் கடமை.