முட்டுச்சந்தில் முடியும் மனை

மனை பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாருக்கும் பொதுவானவை. சதுர அடி என்ன விலை? தண்ணீர் எத்தனை அடியில்? ஸ்டேஷன் எவ்வளவு தூரம்? 'இந்தத் தெரு எங்கே போய் முடியும்?' என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் வயல்கள் மனைகளாகும் விதம் நமக்குத் தெரிந்ததுதான். அண்ணன் பங்கு மூன்று ஏக்கர் இந்த வருஷம், தம்பி பங்கு இரண்டு ஏக்கர் அடுத்த வருஷம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நுழைவு வளைவு, ஒரு 'நகர்' பெயர், உள்ளே நூல் பிடித்தாற்போலத் தெருக்கள். கோடியில் ஒரு காம்பவுண்ட் சுவர். சுவருக்கு அந்தப் பக்கமும் அதே மாதிரி இன்னொரு நகர்.

சுவரின் இருபுறமும் முதுகுக்கு முதுகு நிற்கும் இரண்டு வீடுகள் கூப்பிடு தூரம்தான். ஆனால் இங்கிருந்து அங்கே போக, மெயின் ரோட்டுக்கு வந்து அடுத்த வளைவுக்குள் நுழைய வேண்டும். அந்த மெயின் ரோடு பல இடங்களில் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலை. தொழிற்பேட்டை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டியூஷனுக்குச் சைக்கிளில் போகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். போதாததற்கு ரயில் பாதை வேறு ஊரை நீளவாக்கில் பிரிக்கிறது.

பழைய ஜார்ஜ் டவுன் அப்படியில்லை. தங்கசாலைத் தெருவில் வண்டி சிக்கினால் கோவிந்தப்ப நாயக்கன் தெரு வழியாகப் போகலாம். நெரிசல் உண்டு, ஆனால் மாற்று வழியும் உண்டு.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பாரிங்டன்-லீ, மில்லர்டு-பால் என்ற இரு ஆய்வாளர்கள் உலகம் முழுவதும் உள்ள தெருக்களை வரைபடத்தில் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட முடிவு: 1975-க்குப் பிறகு பல நாடுகளில் புதிய தெருக்கள் ஒன்றோடொன்று சேராமலே போடப்படுகின்றன. அமெரிக்காவில் இந்தப் போக்கு 1990-களின் நடுவில் உச்சம் தொட்டுக் குறையத் தொடங்கியது. வீட்டை இடித்துக் கட்டலாம், தெருவை மாற்றுவது லேசில் நடக்காது. பேருந்து உள்ளே வராது, நடக்க முடியாது, வீட்டுக்கு வீடு பைக் தேவைப்படும்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. திருவள்ளூரும் அதற்குள் வந்துவிட்டது. 20.10.2016-க்கு முன் போட்ட அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த அரசு வழி செய்தது. பத்திரம் சரியானது, முட்டுச்சந்து முட்டுச்சந்தாகவே இருக்கிறது.

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும். பிறகு அது பொதுச் சாலை, மனை போட்டவருடையது அல்ல. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் லே-அவுட் வரைபடத்தைக் கேளுங்கள். எல்லையைத் தொடும் சாலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அரசின் இணையதளத்தில் கிடைக்கும் புலப்படத்தில் பக்கத்து நிலத்தையும் எடுத்து, பழைய வண்டிப்பாதை ஏதும் ஓடுகிறதா என்று தேடுங்கள். பிறகு நேரில் போய், அந்தக் கோடியில் சுவர் இருக்கிறதா என்று நடந்தே பார்த்துவிட்டு வாருங்கள்.