நோயாளி இருக்கும் வீட்டிற்குப் பூனைக்குட்டி வரலாமா?

சேலம், நாமக்கல் வட்டாரத்துக் குடும்பங்களுக்குப் பூனை புதிய விருந்தாளி அன்று. நெல்லும் சோளமும் சேர்த்து வைத்த வீடு, கோழித்தீவனம் அடுக்கிய கொட்டகை, தறி ஓடும் கூடம் என எலி புகுந்த இடத்திலெல்லாம் பூனையும் புகுந்திருக்கிறது. கோடை விடுமுறைக்கு அம்மாயி வீட்டுக்குச் சென்ற பிள்ளைகள், திரும்பும்போது ஒரு துணிப்பைக்குள் குட்டியைச் சுமந்துகொண்டு வந்து நிற்பது இன்றும் நடக்கிறது. எனினும், அந்த வீட்டில் ஒருவர் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கலாம். ஒருவர் மாற்றுச் சிறுநீரகம் பெற்றிருக்கலாம். மகளோ மருமகளோ கருவுற்றிருக்கலாம். அப்போது அந்தக் குட்டியின் வருகை பிள்ளைகளின் ஆசை என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியாகவும் ஆகிறது.

இக்கேள்விக்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. “பூனை மயிர் உள்ளே போனால் இளைப்பு வரும், உடனே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்பது ஒன்று. “நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வளர்க்கவில்லையா, என்ன ஆகிவிடும்” என்பது மற்றொன்று. இரண்டையும் நாங்கள் ஏற்பதில்லை. முன்னது தேவையற்ற அச்சத்தால் ஓர் உயிரைத் தெருவில் தள்ளுகிறது. பின்னது தேவையான அச்சத்தையும் கைவிடச் செய்கிறது. நோயாளிக்கு என்ன நோய், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, குட்டிக்குரிய வேலைகளை வீட்டில் யார் செய்யப் போகிறார்கள் என்ற மூன்றையும் அறிந்த பின்னரே விடை சொல்ல இயலும் என்பது எங்கள் கருத்து.

பூனையால் வரும் நன்மையை முதலில் சொல்லிவிடுவது நேர்மை. மாதக்கணக்கில் பிறரால் கவனிக்கப்படுபவருக்கு, தாமும் ஓர் உயிரைக் கவனிக்கிறோம் என்னும் எண்ணம் பெரும் ஆறுதல். இரவும் பகலும் விழித்திருந்து பணிவிடை செய்பவருக்கும், மடியில் சுருண்டு உறங்கும் குட்டி சிறு இளைப்பாறல். இந்த ஆறுதலை மருந்துச் சீட்டில் எழுத முடியாது. ஆகவேதான், எடுத்த எடுப்பில் “வேண்டாம்” என்று சொல்ல நாங்கள் விரும்பவில்லை.

இனி அச்சங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கருவுற்ற பெண்களைப் பெரிதும் அச்சுறுத்துவது டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி. இது பூனையின் குடலில்தான் முழுமையாகப் பெருகுகிறது என்பது 1970ஆம் ஆண்டளவில் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. இந்தியாவில் பிறந்து கால்நடை மருத்துவம் பயின்ற ஜே. பி. துபே அவ்வாய்வாளர்களுள் ஒருவர். அந்த ஆய்வுகள் தந்த செய்தியில் ஆறுதலும் உண்டு. தொற்றிய பூனை வாழ்நாள் முழுவதும் இக்கிருமியை வெளியேற்றிக்கொண்டிருப்பதில்லை. பெரும்பாலும் முதல் தொற்றின்போது ஓரிரு வாரங்களே வெளியேற்றுகிறது. மலத்துடன் வெளிவந்த கிருமியும் உடனே தொற்றுவதில்லை. அதற்கு ஒன்று முதல் ஐந்து நாள்கள் தேவைப்படுகின்றன. ஆகவே, மலத்தட்டை நாள்தோறும் அகற்றித் தூய்மை செய்யும் வீட்டில் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அவ்வேலையைக் கருவுற்றவரும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரும் செய்யாமல் வேறொருவர் செய்ய வேண்டும் என்பதே விதி. சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, மண் அளைந்த கை ஆகியவற்றின் வழியாகவும் இது தொற்றும் என்பதை மறக்கலாகாது. பூனையைத் துரத்திவிட்டு, அரைவேக்காட்டு இறைச்சியை உண்பதில் பயனில்லை.

ஆனால், காத்திருக்க வேண்டியவர்களும் உள்ளனர். கீமோதெரபி நடந்துகொண்டிருப்பவர், அண்மையில் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர், உயர் அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர், எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர் ஆகியோர் உள்ள வீட்டிற்கு இந்தக் கட்டத்தில் புதிய குட்டியைக் கொண்டுவர வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணம் எளிது. குட்டிகள் விளையாட்டிலேயே கீறும், கடிக்கும். தெள்ளுப்பூச்சிகளால் பூனைகளிடையே பரவும் பூனைக்கீறல் காய்ச்சலும், தோலில் வட்டவட்டமாகப் படரும் படர்தாமரையும், வயிற்றுப்போக்குக் கிருமிகளும் ஓராண்டுக்குட்பட்ட குட்டிகளிடம்தான் மிகுதி. சிகிச்சை முடிந்து எதிர்ப்பாற்றல் மீண்ட பின், மருத்துவர் இசைவுடன், ஓராண்டு கடந்த நலமான பூனையொன்றைக் கொண்டுவரலாம். முன்பே வீட்டில் வளர்ந்த பூனையை இதற்காக வெளியேற்ற வேண்டியதில்லை. அதனை வீட்டுக்குள்ளேயே வைத்து, கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை முழுமையாகக் காட்டினால் போதும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் வேறொன்றை அறிய வேண்டும். ஒவ்வாமைக்குக் காரணம் மயிரன்று. பூனையின் உமிழ்நீரிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். பூனை தன் உடலை நக்கும்போது அது மயிரில் படிந்து, காய்ந்து, காற்றில் பரவுகிறது. பூனை போன பின்னும் பல மாதங்கள் வீட்டில் தங்கிவிடும். எனவே, குட்டியைக் கொண்டுவருவதற்கு முன், பூனை உள்ள உறவினர் வீட்டில் சில முறை தங்கிப் பார்த்து, மூச்சிரைப்பு வருகிறதா என்று அறிந்துகொள்வது நலம். கொண்டுவந்து பழகிய பின் பிரிவது பிள்ளைகளுக்கும் துன்பம், குட்டிக்கும் துன்பம்.

எல்லாவற்றினும் தலையாயது வெறிநாய்க்கடி நோய். பெயரில் நாய் இருப்பதால் பூனைக்கீறலைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வெறிகொண்ட விலங்கு கடித்த பூனைக்கும் இந்நோய் வரும். அப்பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆயினும், உரிய நேரத்தில் தடுத்துவிட முடியும். நம் மாநிலத்தின் குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிறுவனம் தோன்றியது இந்நோயைத் தடுப்பதற்காகத்தான். முதியவர்கள் இன்றும் அஞ்சும், வயிற்றைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசிகள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டன. இன்று கையில் நான்கு அல்லது ஐந்து தவணைகளே.

பூனை கீறினாலோ கடித்தாலோ செய்ய வேண்டியவை இவை. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இத்தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. குருதி கசிந்திருந்தால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புரத ஊசியும் தேவைப்படும். கீறல் சிறிதே ஆயினும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குச் சிகிச்சை முறை மாறும். ஆகவே, உங்கள் நோயையும் உட்கொள்ளும் மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். “பத்து நாள் பூனையைப் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம்” என்பது பிழை. ஊசியை அன்றே தொடங்க வேண்டும். பூனையைக் கவனிப்பது அதனுடன் சேர்ந்து நடக்க வேண்டும்.

குட்டிக்குரிய தடுப்பூசியும் உண்டு. தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்கக்கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும், அதன்பின் மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த தவணைகளும், மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். குடற்புழு நீக்க மருந்தை அதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். நான்கைந்து மாதத்திலேயே பெண் பூனை கருவுறக்கூடும். இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும். ஆதலால் கருத்தடை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது, ஒரு குட்டிக்குப் பொறுப்பேற்றவர் ஐந்து குட்டிகளுக்குப் பொறுப்பேற்பதாகும். நம் வட்டாரத்தார் இவ்வகையில் பேறு பெற்றவர்கள். நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதன் சிகிச்சை வளாகத்தில் வளர்ப்பு விலங்குகளையும் காட்டலாம். கோழிக்கும் மாட்டுக்கும் மட்டுமே உரிய இடம் அது என்று எண்ண வேண்டாம்.

கோழியைச் சொன்னதால் உணவையும் சொல்ல வேண்டும். கோழிப்பண்ணைகள் நிறைந்த மண்ணில் பூனைக்குப் பச்சைக் கோழிக்கழிவை வீசுவது வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் நிற்க வேண்டும். 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலால் இறந்தன. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமும் அதே கிருமி கண்டறியப்பட்டது. பூனை இனத்தைப் பறவைக் காய்ச்சல் தாக்கும் என்பதற்கு இவை சான்று. கோழியோ மீனோ, நன்கு வேகவைத்து, எலும்பையும் முள்ளையும் நீக்கித் தாருங்கள். அவித்த முட்டையும் தரலாம். பாலும் சோறும் மட்டுமே பூனைக்குப் போதிய உணவல்ல. பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கையும் தரும். தூய தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

நோயாளியின் அறைக்கெனத் தனிக் கவனம் வேண்டும். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே அதன் உயிரைப் பறிக்கும். குட்டி சோர்ந்து கிடக்கிறதே என்று இரங்கி, நோயாளியின் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுத்துவிடாதீர்கள். கீழே விழுந்த மாத்திரையை உடனே எடுத்துவிடுங்கள். வயிற்றின் வழி டயாலிசிஸ் செய்துகொள்பவரின் குழாயைக் கவ்வி விளையாடுவது குட்டிக்கு வேடிக்கை; பல் பட்ட துளை வழியே கிருமி புகுந்து வயிற்றறையில் தொற்று ஏற்படுவது மருத்துவம் அறிந்த உண்மை. டயாலிசிஸ் நடக்கும் அறையிலும், ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றும் இடத்திலும் பூனைக்கு இடமில்லை. நோயாளியின் படுக்கையிலும் அதனை உறங்க விடலாகாது.

பட்டியல் நீள்கிறதே என்று நீங்கள் கருதலாம். உண்மைதான். உணவு வைத்தல், மலத்தட்டை அகற்றல், உண்ணி பார்த்தல், மருத்துவரிடம் எடுத்துச் செல்லல், நகம் வெட்டல் என வேலைகள் நாள்தோறும் உண்டு. பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற பழைய கேள்வி இங்கேதான் உண்மையாகவே எழுகிறது. பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள்; பள்ளி திறந்ததும் வேலை யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும், மாமனாருக்கு மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டு மாற்றி, இரவில் அரைத்தூக்கம் தூங்கும் அதே மருமகளின் தலையில். அல்லது, அதே முதிய மனைவியின் தலையில். அவர்களிடம் கேட்காமல் வீட்டுக்குள் வரும் குட்டி, அவர்களுக்கு இரண்டாவது நோயாளி. ஆகவே, குட்டியைக் கொண்டுவருமுன், நோயாளியைப் பராமரிக்காத ஒருவர், “இது என் பொறுப்பு” என்று முன்வர வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால், ஆசை எவ்வளவாயினும், இப்போது வேண்டாம் என்பதே சரியான முடிவு.

ஏற்கெனவே வந்துவிட்ட குட்டியைச் சந்தை ஓரத்திலோ ஏரிக்கரையிலோ விட்டுவிடுவது தீர்வாகாது. வளர்த்த விலங்கைக் கைவிட்டு விடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதனைப் பொறுப்பேற்கும் உறவினர் வீட்டையோ அண்டை வீட்டையோ தேடித் தருவதே முறை.

பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டதாக எண்ணுமாம். பூனை வளர்க்கும் செய்தியை மருத்துவரிடம் மறைப்பவரும் அவ்வாறே. திட்டுவார்களோ, பூனையை விடச் சொல்வார்களோ என்ற தயக்கத்தால் பலர் இதைச் சொல்வதில்லை. அடுத்த முறை வரும்போது, மருத்துவர் கேட்காவிட்டாலும், “வீட்டில் பூனை இருக்கிறது” அல்லது “குட்டி ஒன்று கொண்டுவர எண்ணுகிறோம்” என்று நீங்களே சொல்லுங்கள். அதன் வயது, போட்ட தடுப்பூசி, அதனைக் கவனிப்பவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவற்றைக் கொண்டு, உங்கள் நோயின் நிலைக்கேற்ற விடையை மருத்துவர் தர முடியும்.