வயதுக் கணக்கும் கொதிக்கும் காரும்

டில்லியில் மே மாதம் பிறந்துவிட்டால் தவுலா குவான், ஆசிரமம் சந்திப்பு போன்ற இடங்களில் மாலை வேளைகளில் ஒரு காட்சி தவறாமல் தென்படும். மேம்பால ஏற்றத்தில் ஒரு பழைய கார் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும். உள்ளேயிருந்து ஆவி கிளம்பும். காருக்கு உரியவர் தண்ணீர் பாட்டிலும் கையுமாக விழித்துக்கொண்டிருப்பார். மனைவி, குழந்தைகள் ஓரத்துக் கைப்பிடிச் சுவரின் நிழலில் ஒதுங்கி நிற்பார்கள். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு மற்றவர்கள் கடந்து போவார்கள்.

வண்டி பழையது என்பது உண்மைதான். ஆனால் வயதானதால் மட்டும் இன்ஜின் கொதித்துவிடுவதில்லை. இப்படி நின்ற வண்டியை மெக்கானிக் பிரித்துப் பார்த்தால், முதலில் கெட்டது பெரும்பாலும் ஒரு சின்னச் சாமானாகவே இருக்கும். ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், ஒரு ரப்பர் ஹோஸ், மின்விசிறியின் ரிலே இவற்றில் ஏதாவது ஒன்று. சில நூறு ரூபாய்ச் செலவு. அந்தச் செலவை உரிய காலத்தில் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், பதிலின் ஒரு பகுதி உரிமையாளரின் அசட்டையில் இருக்கிறது. இன்னொரு பகுதி தலைநகரின் வாகன வயது உத்தரவுகளில் இருக்கிறது.

பத்தாண்டு இழுபறி

15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகள் டில்லிச் சாலைகளில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் உத்தரவிட்டது. டீசல் வண்டிகளுக்கு 2015 ஏப்ரலில் வரம்பு 10 ஆண்டுகளாக்கப்பட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனாலும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. டில்லியில் வயது கடந்த வண்டிகள் ஏறக்குறைய 62 லட்சம் என்று காற்றுத் தர மேலாண்மை ஆணையம் 2025-ல் கணக்குச் சொன்னது. இவற்றில் பெரும்பகுதி இருசக்கர வண்டிகள்.

2025 ஜூலை 1 முதல் இத்தகைய வண்டிகளுக்கு பங்குகளில் பெட்ரோல், டீசல் போடக் கூடாது என்று ஆணையம் கட்டளையிட்டது. நம்பர் பிளேட்டைப் படித்துக் காட்டிக்கொடுக்கும் காமிராக்கள் பங்குகளில் பொருத்தப்பட்டன. மூன்றாம் நாளே டில்லி அரசு இதை நிறுத்திவைக்கும்படி கேட்டது, கட்டளை தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக வைத்து உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றது. டிசம்பரில் அந்த உத்தரவு திருத்தப்பட்டு, பி.எஸ்.-4 தரத்துக்குக் குறைந்த வண்டிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்றாயிற்று. தலைநகரில் பி.எஸ்.-4 தரம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். எனவே அதற்குப் பிறகு வாங்கிய காருக்கு அந்த உத்தரவில் மூச்சுவிட இடம் கிடைத்தது.

இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு சாதாரண குமாஸ்தாவின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர். 2011-ல் கடன் போட்டு ஒரு சின்ன கார் வாங்கினார். 2024-ல் மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொன்னார். சில ஆயிரம் ரூபாய் ஆகும். இன்னும் இரண்டே வருஷத்தில் எடைக்குப் போகப்போகிற வண்டிக்குப் புது ரேடியேட்டர் எதற்கு என்று அவர் நினைத்தார். அப்படி நினைத்ததில் தவறு காண முடியாது. சட்டம் அவருக்குச் சொன்ன கணக்கு அதுதான். வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர் ஊற்றி ஒப்பேற்றினார். பிறகு உத்தரவு மாறி, காருக்குக் காகிதத்தில் ஆயுள் கூடியது. ஆனால் அந்த இரண்டு வருஷக் குழாய்த் தண்ணீர் இன்ஜினுக்குள் செய்த வேலையை எந்த உத்தரவும் திருப்பி எடுக்க முடியாது.

தண்ணீரின் வேலை

பெட்ரோலில் அடங்கிய சக்தியில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய கால் பங்குதான். மற்றதெல்லாம் உஷ்ணம். அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். இன்னொரு பெரும் பகுதியைச் சுமந்து சென்று ரேடியேட்டரில் இறக்கிவைப்பது தண்ணீரின் பொறுப்பு. ரேடியேட்டர் அந்த உஷ்ணத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. எவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியும் என்பது தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரியும் ஜனவரி மாத நண்பகல் 20 டிகிரியும் இருந்தால் வித்தியாசம் 70. 2024 மே 29-ல் சப்தர்ஜங்கில் பதிவானது 46.8 டிகிரி; அன்று வித்தியாசம் 43-தான். அதாவது குளிர்காலத்தில் செய்த வேலையில் முக்கால் பங்குகூட அதே ரேடியேட்டரால் செய்ய முடியாது. பாதி அடைத்துப்போன ரேடியேட்டர் டிசம்பரில் குறை தெரியாமல் ஓடிவிட்டு மே மாதத்தில் காட்டிக்கொடுப்பதன் காரணம் இதுவே.

இதற்கு மேல் ஏ.ஸி. இருக்கிறது. அதன் கன்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, தன் உஷ்ணத்தை முதலில் கலந்துவிட்டுத்தான் காற்றைப் பின்னுக்கு அனுப்பும். வண்டி ஓடினால் எதிர்க்காற்று உதவும். நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்தால் மின்விசிறி ஒன்றுதான் கதி. அந்த விசிறியின் ரிலே கருகியிருந்தால் தவுலா குவான் ஏற்றம் தாண்டாது.

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அது அழுத்தத்தைக் காக்கும் வால்வு. சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தத்தை அது உள்ளே தேக்கிவைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாங்குகிறது. மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் அந்த 20 டிகிரி போயிற்று. 90-ல் ஓடும் இன்ஜினுக்கு மிச்சம் இருப்பது 10 டிகிரிதான்.

அம்பாஸடர், பியட் கார்களின் ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும் சேர்ந்தவை. ஒழுகினால் தெருவோரக் கடையில் ஈயம் வைத்துப் பற்றவைத்து மறுநாளே ஓட்டலாம். இன்று பழைய கார் என்று சொல்லப்படும் வண்டிகள் வேறு ஜாதி. நடுவில் அலுமினியம், இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி. வருஷக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். மயிரிழைபோல் ஒரு விரிசல் விடும். பசை வைத்து ஒட்டினால் சில நாள் தாங்கும். மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. லாரி டிரைவர்களின் பழைய கைவைத்தியமான மஞ்சள் தூளை ரேடியேட்டரில் கரைப்பதும் இன்னும் நடக்கிறது. ஒழுக்கு நிற்கும் என்பது மெய்தான். அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும்.

டில்லியின் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் கொண்டது. கொதிகெண்டியின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவம் இன்ஜினின் தண்ணீர்ப் பாதையிலும் படிகிறது. கூலன்ட் என்று விற்கப்படும் பச்சை நீரில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை குழாய்த் தண்ணீர் ஊற்றும்போதும் அந்த மருந்து நீர்த்துப்போகிறது.

கழற்றி எறியப்படும் சாமான்

வண்டி கொதிக்கிறது என்று கொண்டுபோனால் பல மெக்கானிக்குகள் செய்யும் முதல் காரியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "சாப், இந்தியாவுக்கு இது தேவையில்லை" என்று விளக்கமும் கிடைக்கும். ஏறக்குறைய 80 டிகிரி வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்குவது அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் கோடையில் தற்காலிக நிம்மதி. ஆனால் டிசம்பர், ஜனவரியில் இன்ஜின் உரிய சூட்டுக்கே வராது. சூடேறாத இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், ஆயில் கெடும், புகை கூடும். அதுவும் டில்லியின் காற்று மிக மோசமாக இருக்கும் அதே மாதங்களில்.

புகையைக் குறைக்கத்தான் வயது உத்தரவு வந்தது. அந்த உத்தரவால் பராமரிப்பு கைவிடப்பட்ட கார், தன் வயதுக்கு விடவேண்டியதைவிட அதிகப் புகை விடுகிறது. பங்குகளில் கொடுக்கும் புகைச் சான்றிதழ், வால்குழாயில் அந்த நேரத்தில் வருவதை அளக்கிறதே தவிர, தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஏழு வயதில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் வண்டியும் சட்டத்தின் கண்ணில் தப்பிவிடும். பழைய வண்டிகளுக்குப் பரிந்து பேசுவதற்காக இதைச் சொல்லவேண்டியதில்லை, பி.எஸ்.-3 கார் எவ்வளவு பராமரித்தாலும் பி.எஸ்.-6 ஆகிவிடாது. எனினும் நாலைந்து வருஷத்துக்கு முன்பே முடிவு தேதியைச் சொல்லிவிட்டு, அந்தத் தேதியையும் அடிக்கடி மாற்றினால், நடுவில் செலவு செய்ய யார் முன்வருவார்கள்?

சி.என்.ஜி. பொருத்திய கார்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சிலிண்டரிலிருந்து வரும் வாயு அழுத்தம் குறையும்போது கடுமையாகக் குளிரும். அது உறையாமலிருக்க, இன்ஜினின் சுடுநீரையே பிரித்து ரெடியூஸருக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்காக இரண்டு மூன்று ஹோஸ், அவற்றுக்கு நாலைந்து கிளிப். ஒழுகுவதற்கு அத்தனை புது இடங்கள். ஆனால் இதிலும் ஒரு நன்மை இருக்கிறது: தண்ணீர் குறைந்தால் ரெடியூஸர் குளிர்ந்துபோய் இன்ஜின் திணறும். கவனிப்பவருக்கு அது முன்னெச்சரிக்கை.

முள் இறங்கினால்

கொதிப்பு வந்தபிறகும் "வீடு இரண்டே கிலோமீட்டர்தான்" என்று ஓட்டுவதில்தான் பெரிய நஷ்டம். இன்ஜினின் தலைப்பகுதி அலுமினியம். அளவு மீறிச் சூடானால் அது வளையும். நடுவிலுள்ள கேஸ்கெட் போகும். தண்ணீர் ஆயிலோடு கலந்து பால்போல் வெளுக்கும். சில நூறு ரூபாயில் தீர்ந்திருக்க வேண்டியது பத்தாயிரக் கணக்கில் ஏறிவிடும். பழைய காரின் விலையில் அது பெரும் பங்கு.

வெப்பமானி முள் மேலே போய்விட்டுத் திடீரென்று கீழே இறங்கினால் பலருக்கு நிம்மதி வருகிறது. தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டால், தண்ணீரில் இருக்கவேண்டிய உணர்கருவி காற்றில் நின்று குறைவாகக் காட்டும். முள் இறங்கியது அதனால்தான் இருக்கும். பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் உண்டு. அது எரிந்தவுடன் ஏ.ஸி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதும் திறந்து, ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். ஓரங்கட்டும்வரை கொஞ்சம் உஷ்ணத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அரை மணி நேரமாவது ஆறவிடாமல் மூடியைத் திறந்தால் 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீர் முகத்தில் பீறிடும். ஆறாத இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழலாம்.

கைமாறும் வண்டிகள்

டில்லியில் ஓட முடியாத வண்டிகளெல்லாம் மாயாபுரி இரும்புக் கடைகளுக்குப் போய்விடுவதில்லை. என்.ஓ.சி. பெற்று வெளிமாநிலங்களுக்கும் போகின்றன. கரோல் பாக் பழைய கார் சந்தையில் நல்ல பெயின்ட் அடித்து நிற்கும் வண்டிகளில், முடிவு தேதியை எண்ணி இரண்டு மூன்று வருஷம் பராமரிக்காமல் விடப்பட்டவையும் இருக்கும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் கார் வாங்கும் மத்தியதரத்தார். ஓய்வுபெற்று ஊர் திரும்பும்போது கையோடு ஒரு காரை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று கணக்குப் போடும் தமிழர்களும் அவர்களில் உண்டு. சென்னை ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் மறுபதிவும் சாலை வரியும் தனி.

இப்படி வாங்குபவர் காலையில், இன்ஜின் தொடாமல் ஆறிக்கிடக்கும்போது வண்டியைப் பார்க்க வேண்டும். வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது. ஆறிய ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே பச்சையோ சிவப்போ கூலன்டின் நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும். செங்காவி நிறம் துரு. மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் கேஸ்கெட். அடியில் மஞ்சள் வண்டல் இருந்தால் ஒழுக்கை மறைத்திருக்கிறார்கள். ஆயில் மூடியின் உட்புறம் பால்போல் வெளுத்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து ஏ.ஸி. போட்டு, நின்ற இடத்திலேயே 20 நிமிஷம் ஓடவிட வேண்டும். விசிறி தானே சுற்றி, தானே நின்று, மறுபடி சுற்ற வேண்டும். ஸ்டார்ட் செய்த கணத்திலிருந்து இன்ஜினை அணைக்கும்வரை நிற்காமல் சுற்றினால் அதை நேரடியாக பாட்டரியோடு இணைத்திருக்கிறார்களோ என்று சந்தேகிக்க வேண்டும். விற்பவர் அவசரப்படுத்தினாலும் அந்த 20 நிமிஷத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.