செல்போன் வெளிச்சத்தில் தெரியாத கட்டுவிரியன்

“கையில் செல் இருக்க, தனியாக டார்ச் எதற்கு?” என்ற வாசகம் பத்து ஆண்டுகளாக யாரும் எதிர்த்துப் பேசாத தீர்ப்பாகிவிட்டது. 2013இல் ஐபோனிலும், 2014இல் ஆண்ட்ராய்டிலும் டார்ச் பொத்தான் திரையை இழுத்தவுடன் கைக்கு எட்டும்படி வந்தது. அன்று முதல் வீட்டு ஆணியில் தொங்கிய டார்ச் பரணுக்குப் போனது. அந்தத் தீர்ப்பு தவறு. சென்னைப் புறநகரான திருநின்றவூர் போன்ற ஊரில் அது ஆபத்தானதும்கூட. ஏரிக்கரையை ஒட்டிய தெருக்கள், ரயில் பாதையோரப் புதர்கள், பாதி கட்டிய வீடுகளுக்கு நடுவே முழங்கால் உயரப் புல் மண்டிய காலி மனைகள் என்று இருட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் செகண்ட் ஷிப்ட் முடித்து, கடைசி லோக்கல்களில் ஒன்றைப் பிடித்து இறங்குபவர் இவற்றைத் தாண்டித்தான் வீடு சேர வேண்டும்.

செல்போன் எப்போதும் கையில் இருக்கிறது என்பது இந்தத் தரப்பின் முதல் வாதம். கையில் இருப்பதுதான் சிக்கல். மழையில் நனைந்த திரை ஈர விரலுக்குப் பணியாது. வெளிச்சம் வேண்டிய நேரத்தில்தான் வீட்டிலிருந்து அழைப்பும் வரும். போனைக் காதில் வைத்தால் வெளிச்சம் பக்கத்துச் சுவருக்குப் போய்விடும், பாதைக்கு வராது.

தெருவிளக்கு இருக்கிறதே என்ற இரண்டாவது வாதம், மின்சாரம் இருக்கும் நேரத்துக்கு மட்டும் பொருந்தும் பதில்.

மூன்றாவது வாதம்தான் வேர்: “இந்த வெளிச்சமே போதும்.” கட்டிலுக்கு அடியில் உருண்ட சாவியைத் தேடப் போதும். நடக்கப் போதாது. காரணம் ஒளியின் அளவில் இல்லை, அது போய் விழும் இடத்தில் இருக்கிறது. விளக்கு வெளியிடும் மொத்த ஒளியை லூமன் என்றும், ஒரே திசையில் எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைக் கேண்டெலா என்றும், ஒரு பரப்பின் மேல் எவ்வளவு விழுகிறது என்பதை லக்ஸ் என்றும் அளப்பார்கள். செல்போனில் இருப்பது கேமராவின் ஃப்ளாஷ். சில மீட்டர் தள்ளி நிற்பவர்களின் முகங்கள் மீது சீராக ஒளி பரப்புவதற்காக அமைக்கப்பட்டது. அதன் 50 லூமன் சொச்சம் நாலாபுறமும் விரிந்துவிடுவதால், நேர் முன்னே செல்வது 16 கேண்டெலா அளவுதான்.

ஒருவர் செல்போனை மார்பளவில், 1.2 மீட்டர் உயரத்தில் பிடித்து நடப்பதாகக் கொள்ளலாம். நான்கு மீட்டர் முன்னால் இருக்கும் தரையை நோக்கி அதைச் சரியாகக் குறிவைத்தாலும், ஒளி சாய்வாக விழுவதால் அங்கே கிடைப்பது கால் லக்ஸ். பௌர்ணமி நிலவு தரைக்குத் தரும் வெளிச்சமும் ஏறக்குறைய அவ்வளவே. வேகமாக நடப்பவர் அந்த நான்கு மீட்டரை மூன்று விநாடியில் கடந்துவிடுவார். மழை நின்ற இரவில் நிலைமை இன்னும் மோசம். நனைந்த தார்ச்சாலை கண்ணாடி போல ஒளியை முன்பக்கமாகவே எறிந்துவிடும், நடப்பவர் கண்ணுக்குத் திரும்பி வருவது மிகக் குறைவு. இதோடு செல்போன் திரையின் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். அந்தப் பழக்கத்தைத் திரை ஒரு நொடியில் கலைத்துவிடும்.

பழைய டார்ச் இதற்கு நேர்மாறான சாட்சி. இரண்டு பெரிய பேட்டரி போட்ட தகர டார்ச்சின் குமிழ் பல்பு ஏறத்தாழ 10 லூமன்தான் தந்தது. இன்றைய செல்போனில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அதன் பின்னால் குழிந்த ரிஃப்ளெக்டர் இருந்தது. கிடைத்த கொஞ்ச ஒளியையும் திரட்டி ஒரே கற்றையாக அனுப்பியது. இரவில் பம்புசெட் போடப் போனவர்கள் அந்த வெளிச்சத்தில்தான் வரப்பின் மறுகோடியைப் பார்த்து நடந்தார்கள். “பூச்சி பொட்டு இருக்கும், லைட்டை எடுத்துக்கிட்டுப் போ” என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னது வெறும் பயத்தால் அல்ல. தமிழகத்தின் நான்கு முக்கிய நச்சுப் பாம்புகளில் கட்டுவிரியன் முழுக்க இரவில் நடமாடுவது. கருத்த உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் கொண்ட அது, ஈரத் தாரின் மேல் ஓடும் ஒரு விரிசலைப் போலத்தான் தெரியும். கடித்தாலும் பெரிதாக வலிக்காது, பல் பட்ட தடமும் எளிதில் புலப்படாது. கண்ணாடிவிரியன் சருகின் நிறத்தில், எலி கிடைக்கும் இடத்தில் சுருண்டு கிடக்கும். குப்பை கொட்டப்படும் காலி மனையில் எலிக்குக் குறைவில்லை. பருவமழையில் வளைகளில் தண்ணீர் புகுந்தால் இவை மேட்டுக்கு வரும், மேடு என்பது சாலைதான். 2021 வடகிழக்குப் பருவமழையில் திருநின்றவூர்ப் பெரியார் நகரில் ஏரித் தண்ணீர் வீடுகளைச் சூழ்ந்து நாள்கணக்கில் நின்றது. அப்படிப்பட்ட நாட்களில் மனிதர்களும் பாம்புகளும் ஒரே மேட்டைத்தான் பகிர்கிறார்கள்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். தமிழக அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. இருட்டில் நடக்கும்போது டார்ச் எடுத்துச் செல்லுங்கள் என்பது பாம்புக்கடித் தடுப்பு அறிவுரைகளில் தவறாமல் இடம்பெறுவது. பையில் அடங்கும் ஒரு சிறு டார்ச், 300 லூமனைத் திரட்டி 5,000 கேண்டெலாவாக அனுப்பும். பத்து மீட்டரில் அதன் கற்றைக்குக் குறுக்கே நிற்கும் பொருளின் மேல் 50 லக்ஸ் விழும். அதே இடத்தில் செல்போன் தருவதைப் போல 300 மடங்கு. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வது, கடிபட வாய்ப்புள்ள ஒருவரை ஏமாற்றுவது.

நான்காவது வாதம் சார்ஜ். பவர் பேங்க் இருக்கிறது, ஏற்றிக்கொள்ளலாம் என்பார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபின் புறநகர்களில் மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும் சென்னையைச் சுற்றிப் பல பகுதிகள் இருளில் கிடந்தன. அத்தகைய நாளில் செல்போனில் மிஞ்சும் ஒவ்வொரு சதவீதமும் 108க்கு, படகு கேட்பதற்கு, உறவினருக்குச் செய்தி சொல்வதற்கு. அதை வெளிச்சத்துக்குச் செலவழிப்பது வீண். ஒரு 18650 வகை லித்தியம் செல் போட்ட டார்ச் 30 லூமனில் 24 மணி நேரத்துக்கும் மேல் எரியும். கூரையை நோக்கி நிமிர்த்தி வைத்தால் ஒரு அறைக்குப் போதும்.

“தனியாக டார்ச் எதற்கு?” என்ற வாசகத்தைக் கைவிட்டு டார்ச் வாங்கப் போகிறவரைக் கடையில் இன்னொரு பொய் பிடித்துக்கொள்கிறது: “எத்தனை லூமன்? 10,000 லூமன், தம்பி, வானத்துக்கே அடிக்கும்.” எண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் இந்த வியாபாரமும் பிறப்பது லூமனையும் தூரத்தையும் ஒன்றாக்கும் அதே குழப்பத்தில்தான். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட லித்தியம் அயான் செல். நம்பத்தக்க செல்களின் கொள்ளளவு பெரும்பாலும் 3,500 எம்.ஏ.எச்.சை ஒட்டியே நிற்கிறது. 9,900 என்று அச்சடித்த உறை உள்ளே இருப்பதை மாற்றிவிடாது. 3,500 எம்.ஏ.எச். என்பது 3.6 வோல்ட்டில் 12.6 வாட்-மணி. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருவதாக வைத்தால், 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். அந்தச் செல் எட்டு நிமிடம்கூடத் தாங்காது. அதற்கு முன்பே விரலளவு அலுமினியக் குழாய் கையில் பிடிக்க முடியாதபடி கொதித்துவிடும். உண்மையான 1,000 லூமன் டார்ச்சே சூட்டைத் தாங்க முடியாமல் சில நிமிடங்களில் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்படிதான் செய்யப்படுகிறது.

நேர்மையான தயாரிப்பாளர்களின் பெட்டியிலும் கவனம் வேண்டும். 2009இல் அமெரிக்காவில் வந்த எஃப்.எல்.1 என்ற அளவீட்டுத் தரப்படி, எரியும் நேரம் என்பது டார்ச்சைப் போட்ட 30 விநாடிக்குப் பின் அளந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம். “1,000 லூமன், 3 மணி நேரம்” என்று போட்டிருந்தால் மூன்று மணி நேரமும் 1,000 லூமன் வரும் என்று பொருளில்லை. தூரத்தையும் அதே தரம் கால் லக்ஸ் விழும் இடம் வரை என்று கணக்கிடுகிறது. 140 மீட்டர் என்றால் 140 மீட்டரில் பௌர்ணமி நிலவளவு. வழியைத் தெளிவாகப் பார்க்க அதில் நான்கில் ஒரு பங்கைக் கணக்கில் கொள்வது பாதுகாப்பானது.

தினமும் பையில் வைக்கும் டார்ச்சுக்குச் சூடாகாமல் நிலைத்து நிற்கும் 300 லூமன், 4,000 முதல் 8,000 கேண்டெலா வரையிலான கற்றை, கண் கூசாத ஒரு தாழ்ந்த நிலை, தண்ணீருக்குள் விழுந்தாலும் பிழைக்கும் ஐ.பி.எக்ஸ்.8 தரம் ஆகியவை போதும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் செல்லைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளேயே பொருத்திய பேட்டரி செத்தால் டார்ச்சும் குப்பைதான். தனிச் செல் வாங்கும்போது பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியிலும் எரியும் வகை, புயல் நாட்களுக்கு நல்லது. ஆனால் பென்சில் பேட்டரியின் அதே அளவில் வரும் 14500 லித்தியம் செல் 3.7 வோல்ட் தரும். 1.5 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்ட டார்ச்சில் அதைப் போட்டால் கருகிவிடும். பைக்குள் பொத்தான் அழுந்தி எரியாமலிருக்க, உடலும் மூடியும் பூச்சிட்ட அலுமினியமாக உள்ள பெரும்பாலான டார்ச்களில் பின்மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்தாலே மின்னோட்டம் அறுந்துவிடும். நடக்கும்போது கற்றையைத் தாழ்த்தி, ஐந்தாறு மீட்டர் முன்னால் தரையில் பிடிக்க வேண்டும். எதிரே பைக்கில் வருபவரின் கண்ணில் அடித்தால் அவர் பள்ளத்தில் இறங்குவார்.