பழைய வீடும் நம் கைகளும்

 

ஏற்காட்டு ஏரி நிரம்பி வழிந்து கிளியூர் அருவியாக விழும் மழைக்காலத்தில், இம்மலையின் பழைய வீடுகளில் ஓதம் ஏறும். உடனே சிலர் வட்டிக்குக் கடன் வாங்கி வீட்டை இடித்துக் கட்ட எண்ணுகின்றனர். சிலர் சிமெண்ட் பூசி மறைக்கின்றனர். இரண்டும் வேண்டாம்.

வட்டி ஹராம் என்பதை அறிவோம். சிமெண்ட் ஏன் ஆகாது? மண்ணாலும் சுண்ணாம்பாலும் எழுந்த சுவர், உறிஞ்சிய ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சோ அதை உள்ளேயே அடைத்துச் சுவரை நலிவிக்கும். முதலில் ஓட்டின் ஒழுகலை நிறுத்துங்கள். சுவர் காய்ந்தபின் உதிர்ந்த பூச்சைச் சுரண்டி, நீர்த்த சுண்ணாம்பையும் மணலையும் குழைத்து மெல்லப் பூசுங்கள். கண்ணில் சுண்ணாம்பு படாமல் பார்த்துக்கொண்டால், இது வீட்டாரே செய்யக்கூடிய வேலைதான்.

மஸ்ஜிதுன் நபவீ எழுந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தாமே செங்கல் சுமந்தார்கள். தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள். ஆகவே கைவேலை நமக்கு இழிவன்று. ஆயினும் உத்திரத்தையும் மின்கம்பியையும் தொழில் அறிந்தவரிடமே ஒப்படையுங்கள். உயிரும் அல்லாஹ் தந்த அமானிதமே.

முன்னோர் விட்டுச்சென்ற வீட்டைக் கடன்படாமல் காத்துப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதும் நன்றியறிதலே.