அனுமதிப்பத்திரமும் சிறுதொழிலாளரும்

“கடல் எவர்க்கும் பொதுவானது, அதில் தொழில் செய்ய அனுமதிப்பத்திரம் எதற்கு?” என்னும் வினா வடபகுதிக் கரையோரக் கிராமங்களில் அடிக்கடி எழுகின்றது. இவ்வினாவிற் பொதிந்துள்ள ஆதங்கம் நியாயமானது. அதன் முடிவோ தவறானது. கட்டுப்பாடின்றித் திறந்துவிடப்பட்ட கடலை முதலில் அள்ளிச் செல்பவன் பெருமூலதனக்காரனேயன்றிச் சிறுவலைக்காரனல்லன்.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் குறித்துரைக்கப்பட்ட தொழில்முறைகளுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கிற்று. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கடலடி இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. கடலடியைச் சுரண்டி, குஞ்சுமீன்களையும் கடற்புற்படுக்கைகளையும் ஒருங்கே அழிக்கும் தொழில் அது. எனவே குறை சட்டத்தில் இல்லை. அதன் கை நீளும் திசையிலேயே உள்ளது.

கரையில் நிற்கும் சிறுபடகின் பத்திரத்தைப் பரிசோதிப்பது எளிது. இரவிற் கடலடியை வாரும் இழுவைப்படகை மறிப்பது அரிது. எளியதை மட்டும் செய்து கடமை முடிந்ததெனக் கருதும் நிர்வாகம், சட்டத்தின் மதிப்பைத் தானே குலைக்கின்றது. பாக்குநீரிணையில் எல்லை தாண்டிவரும் தமிழகத்து இழுவைப்படகுகளாலே வலையிழந்தவனிடம் பத்திரம் கேட்கும் அரசு, அவன் வலைக்கு என்ன காவல் தந்தது என்பதற்கும் விடையளித்தாக வேண்டும்.

ஆயினும் தொழிலாளரும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அயலவனின் இழுவைமடியைக் கண்டித்துவிட்டு உள்ளூர் இழுவைமடிக்குக் கண்மூடுவது நீதியாகாது. அனுமதிப்பத்திர முறையை ஒழிக்குமாறு கோருவது அவர்தம் நலனுக்கே பகையாகும். பெரியவனிடமிருந்து சட்டத்தைத் தொடங்குமாறு கோருவதே அவர்தம் போராட்டத்தின் நேர்வழி.